வாசகர் கேள்வி – பதில்: தோட்டத்து மூலையில் ஒரு கொல்லுலை

கே: கடப்பாரை முனை மழுங்கினால் தர்மபுரிக்குத் தூக்கிப் போக வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் கருங்கல் அடுக்கி, ஹேர் டிரையரால் காற்று விட்டு உலை போட்டேன். கல் வெடிக்கிறது, இரும்பும் செதில் செதிலாக உதிர்கிறது. ஏன்? – வாசகர், பென்னாகரம்

ப: நம் பக்கத்துக் கருங்கல் கட்டடத்துக்கு உகந்தது; உலைக்கு ஆகவே ஆகாது. அதிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் சட்டென விரியும். ஈரமும் சேர்ந்தால் சில்லு கண்ணுக்குப் பறக்கும். முதலில் அதை எடுத்துவிடுங்கள். காயலான் கடையில் பழைய லாரி பிரேக் டிரம் கிடைக்கும். புற்றுமண் 2 பங்கு, மணல் 1 பங்கு, ஒரு பிடி உமி பிசைந்து உள்ளே கிண்ணம்போல் பூசி, நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். ஈரத்தோடு மூட்டினால் பூச்சு பெயர்ந்துவிடும். காற்றுக்கு 1 அங்குலக் கறுப்பு இரும்புக் குழாய் போதும். ஜிஐ குழாய் கூடவே கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையும், அதைச் சுவாசித்தால் குளிரும் காய்ச்சலும் வரும்.

செதிலுக்குக் காரணம், காற்று அதிகம், கரி குறைவு. குழாய் வாய்க்கு மேல் 6 அங்குலம் கரி நிற்க வேண்டும். இரும்பு வாயிலிருந்து 4 அங்குலம் மேலே கிடக்கட்டும். அதற்குக் கீழே போனால் எரியாத காற்று நேராக இரும்பைத் தின்னும். வெள்ளைப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது என்று பொருள்; அந்த முனையை வெட்டித்தான் எறிய வேண்டும். டிரையரைக் குழாயோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு, நடுவே தகடு நகர்த்திக் காற்றைக் கூட்டிக் குறையுங்கள். சீமைக்கருவேலங்கரியை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துப் போடுங்கள்.

முனையை ஆரஞ்சு நிறத்தில் அடியுங்கள், மங்கிய சிவப்புக்கு வந்தால் நிறுத்துங்கள். பிறகு காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்சி, நுனி ஒன்றரை அங்குலத்தை மட்டும் தண்ணீரில் மேலும் கீழும் ஆட்டியபடி தோயுங்கள். ஆட்டாமல் பிடித்தால் தண்ணீர் மட்டத்தில் விரிசல் விழும். எடுத்ததும் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பாருங்கள்: மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறம் நுனியை நோக்கி நகரும். கல்பூமியில் குத்தும் கடப்பாரைக்கு ஊதா நுனியைத் தொட்டதும் முழுதும் தோயுங்கள்.

கே: இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லுக்குப் பதில் தண்டவாளத் துண்டு போதுமா? – வாசகர், ஊத்தங்கரை

ப: போதும், ஆனால் நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்தால் நடுத்தகடு மெல்லிசு, அடி துள்ளும். ஒன்றரை அடித் துண்டைப் புளியங்கட்டையில் பாதி இறக்குங்கள். நின்றபடி கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டி படும் உயரம் சரி. பில் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

கே: லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கொடுவாள் தண்ணீரில் தோய்த்ததும் பிளந்துவிட்டது. – வாசகர், தேன்கனிக்கோட்டை

ப: பட்டை எஃகுக்கு எண்ணெய்தான். மூடியுள்ள இரும்பு டப்பாவில் 5 லிட்டர் கடலை எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, கொடுவாளின் வெட்டும் வாய்ப்பக்கத்தை முதலில் இறக்குங்கள். தீப்பிடித்தால் மூடியைப் போடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். அதே நாளில், பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டின்மேல் கொடுவாளின் முதுகை வைத்து, வாய் பழுப்பு நிறத்துக்கு வரும்வரை பதம் இறக்குங்கள். பழைய பட்டையில் ஓடி ஓடி விழுந்த மயிரிழை விரிசலும் இருக்கலாம். அடிக்கும் முன் தேய்த்துப் பாருங்கள்.