சுள்ளி வேலி: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

கேள்வி: கவாத்து பண்ணின கிளை மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு. இதை வச்சு வேலி எப்படி போடறது?

பதில்: ரெண்டு வரிசையா முளைக்கம்பு அடிங்க, வரிசைக்கு நடுவுல ரெண்டடி, கம்புக்கு கம்பு மூணு நாலடி. அஞ்சடி கம்புன்னா ஒன்றரை அடியாவது மண்ணுக்குள்ள போகணும், இல்லன்னா நிரப்ப நிரப்ப வெளிப்பக்கம் சாஞ்சிடும். கிளையெல்லாம் நீளவாக்குல, தடிமனானது அடியில, ஒண்ணோட நுனி அடுத்ததோட அடிமேல ஏறுற மாதிரி போட்டு மிதிச்சு விடுங்க. என் முதல் வேலியில கவட்டையை நறுக்காம அப்படியே திணிச்சேன், உள்ள கூடை கவுத்த மாதிரி பொந்து விழுந்து ஒரே மழையில அந்த இடம் மட்டும் தொப்புன்னு உக்காந்துருச்சு. வெட்டின பச்சைப்புல்லை மட்டும் போடாதீங்க, அழுகி நாறும். வேலி ஓரத்துல நாலு மரக்கன்னும் நட்டு வைங்க.

கேள்வி: முளைக்கம்புக்கு எந்த மரம்?

பதில்: வைரம் பாஞ்ச காஞ்ச கம்பு. பச்சைக் கிளுவை, பூவரசு அடிச்சா போத்து நட்ட மாதிரி துளிர்த்துடும், அது வேணும்னா நல்லதுதான்.

கேள்வி: பாம்பு வருமா?

பதில்: எலி, தவளை இருந்தா வரலாம். வீட்டுக்கும் பிள்ளைங்க விளையாடற இடத்துக்கும் தள்ளி போடுங்க. உள்ள கைய விடாதீங்க.

கேள்வி: கறையான்?

பதில்: வரும், தின்னும். மக்கறதுக்குத்தானே போடறோம். சுவரை ஒட்டி போடாதீங்க, காஞ்ச சுள்ளி தீப்பிடிக்கும்ங்கறதுக்காகவும்தான் சொல்றேன்.

கேள்வி: கம்பியால இறுக்கிக் கட்டலாமா?

பதில்: வேணாம். சுள்ளி மக்கிடும், கம்பி மண்ணுல கெடந்து காலைக் கிழிக்கும்.

கேள்வி: பாம்பு...

பதில்: மேல படிங்க.

கேள்வி: ஜெர்மனியில ஹெர்மன் பென்யஸ் இதைப் பரப்பினப்பவே, பறவை எச்சத்துல விதை விழுந்து தானா உயிர்வேலி ஆயிடும்னு சொன்னாரே, நாம எதுக்கு கன்னு நடணும்?

பதில்: 1980கள்ல அவர் சொன்னது அழகான யோசனைதான். ஆனா போட்டுப் பார்த்த பல இடத்துல முதல்ல எழுந்தது முள்கொடியும் காஞ்சொறியும். மக்குற தழையில தழைச்சத்து ஏற ஏற களைதான் முந்தும், மரக்கன்னு அதுக்கடியில மூச்சு முட்டிப் போகும். அதான் ஓரத்துல நாலு கன்னு வைக்கச் சொல்றது.

கேள்வி: களையும் பூச்சிக்கு சோறுதானே? உங்களுக்கு பொறுமை இல்ல.

பதில்: சோறுதான், ஒத்துக்கறேன். காடு வேணும்னா விட்டுடுங்க, வேலி வேணும்னா நடுங்க. ரெண்டையும் ஒரே வார்த்தையில போட்டுக் குழப்பாதீங்க.

கேள்வி: ஆடு நிக்குமா?

பதில்: நிக்காது, ஏறிடும்.

கேள்வி: எப்ப பிரிச்சு புதுசா போடணும்? அப்புறம் பாம்பு...

பதில்: பிரிக்கவே வேணாம், மட்டம் இறங்க இறங்க மேல போட்டுட்டே இருங்க. குருவி கூடு கட்டியிருக்கற சமயத்துல அதையும் நிறுத்துங்க. ரெண்டாவது கேள்விக்கு மூணாவது தடவையா: மேல படிங்க.