டார்செட் குன்றுகளின் படிகள் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் பிரிஸ்டலில் வேலை பார்க்கிறேன். போன மாதம் குடும்பத்தோடு டார்செட் போயிருந்தோம். வொர்த் மாட்ராவர்ஸ் என்ற கிராமத்திலிருந்து கடலுக்கு இறங்கும் பாதையில் இரண்டு பக்கக் குன்றுகளிலும் வரிசையாகப் படி வெட்டியது மாதிரி இருந்தது. படி முழுக்கப் புல், அதில் செம்மறியாடுகள். இடைக்காலத்து விவசாயிகள் உழுத நிலம் இது என்று கூட வந்த நண்பர் சொன்னார். காற்று ஆளைத் தள்ளுகிற அந்தச் சரிவில் போய் இவ்வளவு பாடுபட்டு ஏன் படி வெட்டினார்கள்? சமவெளியில் இடமா இல்லை? வெட்டியதை ஏன் விட்டுவிட்டார்கள்? பிளேக்கில் எல்லோரும் செத்துப்போனதுதான் காரணம் என்கிறார் நண்பர். கிளாஸ்டன்பரி டோர் குன்றில் இருக்கும் படிகள் மட்டும் விவசாயத்துக்கானவை இல்லையாம், வழிபாட்டுச் சுற்றுப்பாதையாம். அதையும் அவர்தான் சொன்னார்.

இன்னொன்று. லண்டனிலிருந்து லெஸ்டர் போகும் ரயிலில் இருந்து பார்த்தால் சில மேய்ச்சல் நிலங்கள் நெளித்தகரம் போட்டதுபோல ஏறி இறங்கிக் கிடக்கின்றன. அதுவும் இதுவும் ஒன்றுதானா?

எஸ்., பிரிஸ்டல்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்த்தவை ஈஸ்ட் மேன், வெஸ்ட் மேன் என்ற இரண்டு குன்றுகள். நடுவில் இறங்கும் பாதை வின்ஸ்பிட் என்ற பழைய கல்குவாரிக்குப் போகிறது. தென் இங்கிலாந்தில் இந்தப் படிகளை நன்றாகப் பார்க்கக் கிடைக்கும் இடங்களில் அது ஒன்று. தொல்லியல்காரர்கள் இவற்றை ஸ்ட்ரிப் லிஞ்செட் என்கிறார்கள்.

உங்கள் கேள்வியில் ‘வெட்டினார்கள்’ என்று இருக்கிறது. பெரும்பாலான படிகளை யாரும் திட்டம் போட்டு வெட்டவில்லை. உழுது உழுது அவை தானாக உண்டானவை. நம்முடைய நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறி இரண்டு பக்கமும் ஒதுக்கும், அவ்வளவுதான். இடைக்கால இங்கிலாந்தின் கனத்த கலப்பையில் கொழுவுக்குப் பின்னால் ஒரு பலகை உண்டு. அது மண்ணை அறுத்துத் தூக்கி ஒரே பக்கமாகப் புரட்டிப் போடும். மாடுகளைச் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் ஓட்டினார்கள். புரண்ட மண் ஒவ்வொரு உழவிலும் கொஞ்சம் கீழே நகர்ந்தது, மழை இன்னும் கொஞ்சம் இறக்கியது. துண்டு நிலத்தின் கீழ் விளிம்பில் உழாமல் விட்ட புல்வரப்பு அந்த மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டது. மேல் விளிம்பிலோ கலப்பை சரிவைக் குடைந்துகொண்டே போனது. கீழே மேடு, மேலே பள்ளம். பேரன் காலம், கொள்ளுப்பேரன் காலம் என்று இதே துண்டை இதே திசையில் உழுதால் நடுப்பகுதி கிட்டத்தட்டச் சமதளமாகி, ஓரம் செங்குத்தாக நிற்கும். சில இடங்களில் மண்வெட்டியும் கூட வேலை செய்திருக்கலாம். எவ்வளவு தானாக வந்தது, எவ்வளவு வேண்டுமென்று செய்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு. நான் கலப்பைக் கட்சி.

சரி, அங்கே போய் ஏன் உழுதார்கள்? சமவெளியில் இடம் இருந்தது, ஆனால் அதை ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தார்கள். 1086-இல் முதலாம் வில்லியம் மன்னர் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது இங்கிலாந்தின் மக்கள்தொகை சுமார் 20 லட்சம் இருந்திருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. 1300 வாக்கில் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. விளைச்சல் அந்த வேகத்தில் ஏறவில்லை. ஒரு மூட்டை கோதுமை விதைத்தால் நான்கு மூட்டை கிடைப்பதே அன்றைக்குச் சுமாரான மகசூல். அதில் ஒரு மூட்டையை அடுத்த வருஷ விதைக்கு எடுத்து வைக்க வேண்டும். மொத்த விளைச்சலில் சர்ச்சுக்குப் பத்தில் ஒன்று, பண்ணைப் பிரபுவுக்குக் குத்தகை. எல்லாம் போக நிற்பதுதான் குடும்பத்தின் ரொட்டி. வாய்கள் கூடும்போது மேய்ச்சல் நிலத்தையும் மலைச்சரிவையும் உழுவதைத் தவிர வழியில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மேய்ச்சலை உழுதால் ஆடுமாடு குறையும், ஆடுமாடு குறைந்தால் எரு குறையும், எரு குறைந்தால் ஏற்கெனவே இருக்கும் வயலும் இளைக்கும். எம். எம். போஸ்டான் என்ற வரலாற்றாசிரியர் இதை வைத்துத்தான் 13-ஆம் நூற்றாண்டை விளக்கினார். பின்னால் வந்தவர்கள் அவரை நிறைய மறுத்திருக்கிறார்கள். எல்லா ஊரிலும் நிலம் களைத்துப்போகவில்லை, குத்தகையும் பிரபுக்களின் அதிகாரமும் கூடக் காரணம் என்றார்கள். அது நியாயமான மறுப்புதான். ஆனால் வின்ஸ்பிட் சரிவில் நிற்கும்போது எனக்கு போஸ்டான்தான் சரியென்று படுகிறது. வயிறு நிறைந்தவன் ஏர் கட்டும் இடமில்லை அது.

இனி பிளேக். உங்கள் நண்பர் சொல்வது பாதி உண்மை. 1348 கோடையில் அந்த நோய் இங்கிலாந்துக்குள் வந்த துறைமுகம் மெல்கம்ப் என்று பழைய குறிப்பு சொல்கிறது. இன்றைய வேமத், நீங்கள் போன அதே டார்செட் கடற்கரைதான். நாட்டில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி பேர் வரை செத்தார்கள். ஆனால் விவசாயத்தின் வீழ்ச்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1315-இலும் அடுத்த வருஷமும் விடாத மழை, பயிர் அழுகிப் பெரும் பஞ்சம். அதன் பின்னாலேயே மாடுகளுக்கு நோய் வந்து உழவு மாடுகள் கூட்டமாகச் செத்தன. பிளேக் வந்தபோது ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த ஒரு விவசாயத்தைத்தான் அது அடித்தது.

பிழைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நாம் பார்ப்பதில்லை. ஆள் குறைந்ததால் கூலி ஏறியது. கீழே நல்ல நிலம் காலியாகக் கிடந்தது. சரிவில் ஏர் பிடித்தவன் கீழே இறங்கி நல்ல மண்ணை எடுத்துக்கொண்டான். கூலியாளைத் தேடி அலைந்த பிரபு ஆடு விட்டால் ஒரு மேய்ப்பன் போதும் என்று கணக்குப் போட்டார், கம்பளிக்கும் விலை இருந்தது. ஆக, படிகளைக் கைவிட்டதில் சாவு மட்டும் இல்லை, ஒரு நிம்மதியும் இருக்கிறது. எல்லாப் படிகளும் ஒரே நாளில் புல்லாகவும் இல்லை. சிலவற்றைப் பிறகும் வெகுகாலம் உழுதிருக்கிறார்கள்.

நீங்கள் ரயிலிலிருந்து பார்ப்பது வேறு. கலப்பை அதேதான், நிலம்தான் வேறு. மிட்லண்ட்ஸ் என்கிற நடு இங்கிலாந்தில் சரிவு குறைவு, களிமண் அதிகம், தண்ணீர் வடியாது. அங்கே துண்டின் நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உழுதார்கள். மண் எப்போதும் உள்பக்கமே புரண்டு நடுவில் மேடு தட்டியது, இரண்டு துண்டுக்கு நடுவே வடிகால்போலப் பள்ளம் விழுந்தது. மேட்டை உற்றுப் பார்த்தால் அது நேராக ஓடாது, தலைகீழாகத் திருப்பிய ஆங்கில எஸ் எழுத்துபோல லேசாக வளைந்திருக்கும். எட்டு மாடு பூட்டிய ஏரை நிலத்தின் கோடியில் திருப்புவதென்றால் கொஞ்சம் முன்னாலிருந்தே ஒடிக்க வேண்டும். அந்த ஒடிப்புதான் வளைவாகப் பதிந்திருக்கிறது. எழுநூறு வருஷத்துக்கு முன் மாடு எங்கே திரும்பியது என்பது இன்றைக்கும் தெரிகிறது என்றால் எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஒரு ஃபர்லாங் நீளம், 22 கெஜம் அகலம், அதுதான் ஒரு ஏக்கர். ஊருக்கு ஊர் அளவு மாறினாலும் ஒரு நாள் உழவை வைத்து வந்த கணக்கு அது. நம் ஊர்ப் பத்திரங்களில் இன்றும் எழுதுகிறோமே, அதே ஏக்கர்தான்.

இந்த மேடுகளைக் காப்பாற்றியதும் ஆடுதான். ஊரார் துண்டு துண்டாக வைத்து உழுத பொது வயல்களைப் பங்கு பிரித்து வேலி போட 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றத்தில் 5,200-க்கும் மேற்பட்ட மசோதாக்கள் வந்தன, சுமார் 68 லட்சம் ஏக்கர் அடைபட்டது. ஏழைகளுக்கு அது பெரிய இழப்பு. ஆனால் வேலி போட்டு மேய்ச்சலாக மாற்றிய இடங்களில் பழைய உழவு புல்லுக்கு அடியில் அப்படியே உறைந்துவிட்டது. அடுத்த முறை கவனியுங்கள், வேலிச் செடி வரிசை மேடுகளைச் சட்டை செய்யாமல் நேர்கோடாகக் குறுக்கே போகும். மேடு முந்தியது, வேலி பிந்தியது. அழிவு வந்தது இரண்டாம் உலகப் போரில் மேய்ச்சலை உழச் சொன்ன உத்தரவோடும், அதற்கப்புறம் வந்த டிராக்டரோடும்தான்.

கிளாஸ்டன்பரிக்கு வருவோம். அந்தச் சுற்றுப்பாதைக் கருத்து 1960-களில் கிளம்பியது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் மெலிது. சுற்றிலும் சதுப்பு, நடுவில் ஒரு மேடு, பக்கத்தில் பெரிய மடம். உழக்கூடிய ஒவ்வொரு அடியும் விலைபோகும் இடம் அது. வெயில் குறைந்த வடக்குப் பக்கத்திலும் படிகள் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். அது நல்ல கேள்விதான். ஆனாலும் விவசாயம் என்ற விளக்கத்தைக் கைவிட அது மட்டும் போதாது.

ஒரு எச்சரிக்கை. படியெல்லாம் இடைக்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களாக இருந்தால் அவை வரலாற்றுக்கு முந்தையவையாகவோ ரோமானியர் காலத்தவையாகவோ இருக்கும். 1920-களில் ஓ. ஜி. எஸ். கிராஃபோர்ட் விமானப்படை எடுத்த படங்களை வைத்து அவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். நீளமான நாடாக்களாக ஓடுபவைதான் பெரும்பாலும் நாம் பேசும் இடைக்காலப் படிகள்.

பிரிஸ்டலிலிருந்து போவதென்றால் வில்ட்ஷயரில் மியர், பிஷப்ஸ்டன் இரண்டு ஊர்களிலும் நல்ல படிகள் உண்டு. வடக்கே போனால் யார்க்ஷயர் டேல்ஸில் மாலம், லிண்டன். உழவு இன்னும் நடக்கும் பொது வயலைப் பார்க்க வேண்டுமென்றால் நாட்டிங்ஹம்ஷயரில் லாக்ஸ்டன். மூன்று பெரிய வயல், பயிர்ச் சுழற்சி, வயல்களை மேற்பார்க்கும் ஊர் ஜூரி எல்லாம் அங்கே இன்றும் இருக்கிறது. குளிர்காலத்தில், காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும்போது போங்கள், உச்சி வெயிலில் ஒன்றுமே தெரியாது. கிளம்பும் முன் இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமையின் லைடார் படங்களை (விமானத்திலிருந்து லேசர் கொண்டு நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்தவை) இணையத்தில் பாருங்கள், இலவசம்தான். நீங்கள் குடியிருக்கும் வட்டாரத்தின் பூங்காவிலேயே நாலு மேடு கிடைத்தாலும் கிடைக்கும்.