கார் ஸ்பீக்கர் மாற்றலாமா? காரைக்குடிப் பட்டறையிலிருந்து கேள்வி பதில்

கேள்விகள் நிறைய வந்துவிட்டன. எனக்குத் தெரிந்தது கார் ஆடியோ மட்டும்தான், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஆரம்பிக்கும் முன் ஒன்று: கம்பெனி வயரை வெட்டாதீர்கள். உங்கள் வண்டி வயரில் அப்படியே பொருந்தும் சொருகி, அதாவது கப்ளர், தனியாகக் கிடைக்கும். வாங்கிச் செருகினால் போதும்.

தேவகோட்டை: கம்பெனி ஸ்பீக்கரில் பாட்டு கரகரவென்று கேட்கிறது, பேஸே இல்லை. நல்ல 6.5 இன்ச் ஜோடி போட்டால் சரியாகுமா?

பாதி சரியாகும். கம்பெனிக்காரன் ஸ்பீக்கரில் காசை மிச்சம் பிடிக்கிறான். மெல்லிய காகிதக் கோன், கைக்கடக்கமான மேக்னட், பிளாஸ்டிக் சட்டம். அதை எடுத்துவிட்டு நல்லது போட்டால் குரல் உடனே தெளியும். பேஸ் வருமா என்பது கதவைப் பொறுத்தது.

டோர் பேடைக் கழற்றிப் பாருங்கள். உள்தகட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டும் எதிரெதிர். பின்பக்கச் சத்தம் அந்த ஓட்டை வழியாக வந்து முன்பக்கச் சத்தத்தோடு கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். முதலில் அடிபடுவது பேஸ்தான். வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது, காரில் கதவுதான் பெட்டி. பெட்டியில் ஓட்டை இருந்தால் எந்த ஸ்பீக்கர் வாங்கி என்ன?

அதனால் டேம்பிங் ஷீட்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். வெளித்தகட்டில் உள்பக்கமாக ஒட்டினால் அதிர்வு குறையும். உள்தகட்டு ஓட்டைகளை மூடினால் பேஸ் நிற்கும். ப்யூட்டைல் ரப்பர் ஷீட்டாகக் கேட்டு வாங்குங்கள். விலை குறைவென்று தார் ஷீட் ஒட்டினால் நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் இளகி வழியும், நாற்றமும் வரும். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

பள்ளத்தூர்: புது ஸ்பீக்கர் போட்டேன். பழையதைவிடச் சத்தம் குறைவாக இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டு செட்டின் அட்டைப்பெட்டியில் 50 வாட்ஸ் பெருக்கல் 4 என்று போட்டிருப்பது உச்சக் கணக்கு. ஓடுகிற வண்டியில் கிடைக்கும் 14 வோல்ட் சொச்சத்தை வைத்துக்கொண்டு, தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இல்லாத செட் ஒரு சேனலுக்குச் சுமார் 20 வாட்ஸ்தான் சுத்தமாகக் கொடுக்கும். கம்பெனி ஸ்பீக்கரின் லேசான கோனுக்கு அது போதும். நீங்கள் போட்டது கனமான கோனாக இருந்தால் அசைக்கவே பவர் பத்தாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கிற பவருக்கு எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்கிற எண். 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர் வேண்டும், 6 குறைந்தால் நான்கு மடங்கு. செட்டிலேயே ஓட்டப் போகிறவர்கள் 90 டெசிபலுக்கு மேல் இருப்பதாக எடுங்கள். ஓம்ஸையும் (மின்தடை) பாருங்கள். தனி ஆம்ப்போடு வரும் சில வண்டிகளில் கம்பெனி ஸ்பீக்கர் 2 ஓம்ஸ், அங்கே 4 ஓம்ஸ் மாட்டினாலும் சத்தம் இறங்கும்.

புதுவயல்: 300 வாட்ஸ் ஸ்பீக்கர் நல்லதா, 250 வாட்ஸ் நல்லதா?

அந்த எண்ணை விடுங்கள். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் பவர்) எவ்வளவு, சென்சிட்டிவிட்டி எவ்வளவு என்று கேளுங்கள்.

கோட்டையூர்: கோஆக்சியல் வாங்கவா, கம்போனென்ட் வாங்கவா?

கோஆக்சியலில் ட்வீட்டர் (கீச்சுச் சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர்) நடுவிலேயே இருக்கும், கம்போனென்ட்டில் தனியாக வரும். கதவில் ஸ்பீக்கர், மேலே கண்ணாடி ஓரம் ட்வீட்டர் என்று தனித்தனி இடம் இருந்தால் முன்னால் கம்போனென்ட். ட்வீட்டர் காது உயரத்துக்கு வருவதால் பாட்டு காலடியிலிருந்து எழுந்து எதிரே நிற்கும். கோஆக்சியல்தான் போடுவீர்கள் என்றால் பழைய ட்வீட்டரின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இரண்டு ட்வீட்டர் சேர்ந்து கத்தினால் காது வலிக்கும், செட்டுக்கும் சுமை. பின் கதவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். முன்னால் பின்னால் சத்தத்தைப் பிரிக்கிற ஃபேடர் செட்டில் இருக்கும், அதை முன்னால் தள்ளுங்கள்.

கானாடுகாத்தான்: பின் கதவுக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எங்கள் வண்டியில் முன்னால் டிரைவர் மட்டும்தான். அப்பச்சி, ஆத்தா, அப்பத்தா எல்லோரும் பின்னால்.

பாடுகிறவர் எதிரே இருப்பதுதான் முறை. நாதஸ்வரக் கச்சேரிக்குப் போனால் மேடைக்கு முதுகைக் காட்டியா உட்காருவோம்?

மறுபடி கானாடுகாத்தான்: கல்யாண வீட்டில் மேளம் முகப்பில்தான் அண்ணே. இரண்டாம் கட்டில் பந்தியில் இருக்கிறவர்களுக்கும் கேட்க வேண்டாமா?

சரி, இது நியாயமான அடி. பின்சீட்டில் பெரியவர்கள் வருகிற வண்டிக்கு என் விதி பொருந்தாது. பின்னால் ஒரு ஜோடி சாதாரணக் கோஆக்சியல் போடுங்கள், முன்னால் போட்டதைவிடச் சத்தம் கொஞ்சம் குறைவாக. அப்பத்தா தூங்கினால் ஃபேடர் இருக்கவே இருக்கிறது.

நெற்குப்பை: நான் குறுக்கே வருகிறேன். செடானில் பின் தட்டில் 6க்கு 9 இன்ச் ஓவல் ஸ்பீக்கர் போட்டால் வருகிற பேஸ் உங்கள் முன் கதவில் வராது. ஏற்கிறீர்களா?

பேஸை ஏற்கிறேன். 6.5 இன்ச்சைவிடக் கோனின் பரப்பு நன்றாகவே அதிகம், டிக்கி முழுவதும் பெட்டியாகிவிடுகிறது. ஆனால் குரலும் முதுகுக்குப் பின்னாலிருந்து வருமே? ஓவலுக்கு பேஸ் மட்டும் கொடுத்துக் குரலை முன்னால் விடுங்கள், நானே வந்து கேட்கிறேன்.

நெற்குப்பை: முப்பது வருஷமாக அம்பாசிடர் காலத்திலிருந்து அப்படித்தான் கேட்கிறோம், ஒன்றும் குறையவில்லை.

உங்கள் காது, உங்கள் வண்டி. நான் விட்டுவிடுகிறேன். இதற்கு ஆதரவாகவும் எதிராகவும் இன்னும் ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள், அதில் கேள்வியே இல்லை.

கண்டனூர்: 400 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது, வாங்கலாமா?

மேலே புதுவயலுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அரிமளம்: நானே மாட்டினேன். பேஸ் சுத்தமாகப் போய்விட்டது, குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை.

ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். செட்டிலிருந்து வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்டார்ச் செல்லை ஸ்பீக்கரில் ஒரு நொடி தொடுங்கள், பிளஸ்ஸுக்குப் பிளஸ். கோன் வெளியே வந்தால் அதுதான் பிளஸ். இரண்டு பக்கமும் பார்த்து ஒரே மாதிரி மாட்டுங்கள். வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கப்ளர் வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

திருமயம்: ஸ்பீக்கருக்கு அடியில் எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) வளையம் போடச் சொல்கிறார்கள்.

வேண்டாம். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் ஐப்பசி மழையில் ஊறிப் பிட்டாகிவிடும். பிளாஸ்டிக் வளையம் போடுங்கள்.

குன்றக்குடி: திருவிழாவுக்கு வேன் மேல் குழாய் ஸ்பீக்கர் கட்ட வேண்டும்.

அது சவுண்ட் சர்வீஸ் வேலை. அவர்களைக் கேளுங்கள்.

ராயவரம்: சத்தம் முழுக்க வைத்தால் ட்வீட்டர் அடிக்கடி போகிறது. பெரிய வாட்ஸ் வாங்கினால் தாங்குமா?

தாங்காது. செட்டால் முடியாத சத்தத்தைக் கேட்டால் அலையின் தலையும் வாலும் வெட்டுப்பட்டு வெளியே வரும். வெட்டுப்பட்ட அலை ட்வீட்டருக்கு வேண்டாத சூட்டை அனுப்பி எரிக்கும். கரகரப்பு ஆரம்பிக்கும் இடத்துக்கு இரண்டு புள்ளி கீழே நிறுத்துங்கள். செட்டில் அடிச்சத்தத்தை வடிகட்டும் ஹைபாஸ் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், கதவு ஸ்பீக்கருக்கு மூச்சு வரும். அதுவும் பத்தாது என்றால் தனி ஆம்ப். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இல்லாமல் அந்த வயரை இழுக்க விடாதீர்கள். உரசி வண்டித் தகட்டைத் தொட்டால் வண்டியே எரியும்.

ஒரே கேள்வியை நான்கு பேர்: எந்தக் கம்பெனி நல்லது?

உங்கள் வண்டி மாடல், கதவின் ஆழம், தனி ஆம்ப் உண்டா இல்லையா, மூன்றையும் எழுதுங்கள். ஆழம் அளக்கும்போது கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு அளக்க வேண்டும். மேக்னட் அதில் இடித்தால் கண்ணாடி இறங்காது.