காலையில் மட்டும் பத்து நிமிடம் நின்றுபோகும் சேவை: ஐநெட்டியைத் தூக்கிவிடலாமா?

பழைய லினக்ஸ் சர்வர், ஐநெட்டி (inetd, தேவைப்படும்போது மட்டும் மற்ற புரோகிராம்களை எழுப்பும் புரோகிராம்) வழியாக ஓடும் சேவை, கூட்டம் கூடும் நேரத்தில் பத்து நிமிடம் படுத்துவிட்டுத் தானாக எழுந்துவிடுகிறது என்கிறீர்கள். நீங்கள் இன்னும் லாக்கை, அதாவது சர்வர் தனக்கு நடப்பதை எழுதிவைக்கும் கோப்பை, திறந்து பார்த்திருக்க மாட்டீர்கள். தூக்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

2001-இல் நான் இதில் மூன்று வாரம் தொலைத்தேன். சுமார் 150 பேர் இருந்த அலுவலகம், ரெட் ஹாட் 6.2 லினக்ஸ் போட்ட மெயில் சர்வர், மெமரி வெறும் 64 எம்பி. மெயிலை எடுத்துக் கொடுக்கும் பாப்3 புரோகிராம் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்காது. ஐநெட்டிதான் 110-ஆம் போர்ட்டில் (பாப்3 இணைப்புகள் வந்து சேரும் வாசல் எண்) உட்கார்ந்திருக்கும். யாராவது மெயில் எடுக்க வந்தால் அப்போது பாப்3-ஐ எழுப்பி, வந்த இணைப்பை அதனிடம் ஒப்படைக்கும், வேலை முடிந்ததும் அது போய்விடும். கோப்பு அனுப்பும் எஃப்டிபி, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் டெல்நெட் எல்லாமே இப்படித்தான். 4.3 பிஎஸ்டி என்ற பழைய யூனிக்ஸ் காலத்து ஏற்பாடு, மெமரி குறைவான இயந்திரத்துக்கு அருமையானது.

காலை ஒன்பதரைக்கு எல்லோரும் வந்து ஒரே நேரத்தில் மெயில் படிக்கும் அவுட்லுக் எக்ஸ்பிரஸைத் திறப்பார்கள். இரண்டு நிமிடத்தில் மெயில் நின்றுவிடும், ஒன்பதே முக்காலுக்குள் வந்துவிடும். நான் கேபிளைச் சந்தேகப்பட்டேன், ஹப்பை மாற்றினேன், இரண்டு சனிக்கிழமை இரவு அங்கேயே இருந்து கேபிள் முனைகளை எல்லாம் மறுபடி கிரிம்ப் செய்தேன் (அழுத்திப் பொருத்தினேன்). கடைசியில் மெசேஜஸ் லாக்கில் ஒரே ஒரு வரி: "பாப்-3/டிசிபி சர்வர் ஃபெயிலிங் (லூப்பிங்), சர்வீஸ் டெர்மினேட்டட்". ஒரு நிமிடத்தில் 40 தடவைக்கு மேல் ஒரே சேவையை எழுப்ப வேண்டிவந்தால், புரோகிராம் ஏதோ கோளாறில் சுற்றுகிறது என்று முடிவுகட்டி ஐநெட்டி அந்தப் போர்ட்டைப் பத்து நிமிடம் மூடிவிடும். ஐநெட்டியின் அமைப்புக் கோப்பான ஐநெட்டி.கான்ஃபில் பாப்3 வரியில் நோவெயிட் என்றிருந்ததை நோவெயிட்.200 (நிமிடத்துக்கு 200 தடவை வரை) என்று மாற்றி, கோப்பை மறுபடி படிக்கச் சொல்லும் HUP சிக்னலை ஐநெட்டிக்கு அனுப்பினேன். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து மெயில் நிற்கவில்லை.

அந்த வருட அப்ரைசலில் "பிரச்சனையைத் தீர்க்கத் தாமதம்" என்று எழுதினார்கள். இரண்டு சனிக்கிழமை இரவுக்கும் ஒரு ரூபாய் ஓவர்டைம் கிடையாது, ஆட்டோ காசுகூட என் கையிலிருந்துதான். சர்வர் ஓடும்போது நம் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது, நின்றால் மட்டும் வரும். இன்னமும் அது எனக்கு ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாதுகாப்பில்லாத டெல்நெட்டைத் திறந்து வையுங்கள் என்று நான் சொல்லவே இல்லை, தயவுசெய்து யாரும் அப்படிப் படிக்காதீர்கள். ஐநெட்டி.கான்ஃபில் தேவையில்லாத வரிகளுக்கு முன்னால் ஹேஷ் (#) போட்டு மூடத்தான் வேண்டும். ஆனால் "சேவைகளை நிர்வகிக்க இன்றைய லினக்ஸில் சிஸ்டம்டி இருக்கும்போது ஐநெட்டி எதற்கு" என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சிஸ்டம்டியின் சாக்கெட் யூனிட்டும் இணைப்பு வந்ததும் சேவையை எழுப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது, அதிலும் எத்தனை தடவை எழுப்பலாம் என்ற வரம்பு டிரிகர் லிமிட் என்ற பெயரில் உண்டு. ஐநெட்டிக்கு மாற்றாக வந்த எக்ஸ்ஐநெட்டியில் அப்படியொரு வரம்பு சிபிஎஸ் என்ற பெயரில் உண்டு. கூட்டத்தைக் கணக்கிடாமல் மாற்றினால் வேறொரு எண்ணில் போய் முட்டுவீர்கள்.

லாக்கில் லூப்பிங் வரி இருந்தால் உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு எத்தனை இணைப்பு வருகிறது என்று எண்ணி, அதற்கு இரண்டு மடங்காக நோவெயிட்டுக்குப் பின்னால் வரும் எண்ணை வையுங்கள். வரியே இல்லையென்றால் ஐநெட்டியின் மேல் பழி போட வேண்டாம், அது எழுப்பும் புரோகிராமைப் பாருங்கள்.