முழங்காலின் வெளிப்பக்க வலி: ஓட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பிசியோ பதில்

நாலு கிலோமீட்டர் வரை ஒன்றுமில்லை. அப்புறம் முழங்காலின் வெளிப்பக்கம் சுருக்கென்று குத்துகிறது. நின்றால் போய்விடுகிறது. ஐடி பேண்ட் (தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் பட்டை) பிரச்சினைதானா?

பெரும்பாலும் அதுதான். முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, வெளிப்பக்க எலும்பு மேட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே காலை மெல்ல நீட்டச் சொல்வோம். கால் நேராக இன்னும் 30 டிகிரி இருக்கும்போது "இதே வலிதான்" என்றால் சந்தேகம் தீர்ந்தது. மூட்டு வீங்கினாலோ பாதியில் சிக்கிக்கொண்டாலோ விஷயம் வேறு. ஜவ்வாக இருக்கலாம், நேரில் காட்டுங்கள்.

எம்.ஆர்.ஐ. எடுக்கட்டுமா?

வீக்கமோ சிக்கலோ இல்லையென்றால் இப்போது வேண்டாம்.

ஓடினால் கால் வலிக்கிறது. என்ன செய்யலாம்?

எந்தக் கால், எந்த இடம், எத்தனையாவது கிலோமீட்டரில், போன மாதம் வாரத்துக்கு எவ்வளவு ஓடினீர்கள்? ஒன்றுமே எழுதாமல் மருந்து கேட்டால் நான் எதைச் சொல்வது? ஒரு நோட்டில் தினமும் கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். வலிக்கான காரணம் பாதி நேரம் அந்த நோட்டிலேயே இருக்கும்.

தினமும் ஃபோம் ரோலரில் (தசையைப் பிடித்துவிட உதவும் உருளை) வலிக்கும் இடத்தை உருட்டுகிறேன். குறையவில்லையே?

எப்படிக் குறையும்? ஐடி பேண்ட் தசை இல்லை. இடுப்பின் பக்கவாட்டிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும் தடித்த பட்டை அது. தொடை எலும்போடு இறுகக் கட்டப்பட்டது. உருட்டி அதை நீளமாக்க முடியாது. முழங்கால் பக்கத்தில் பட்டைக்கு அடியில் நரம்புகள் நிறைந்த கொழுப்புத் திசு இருக்கிறது. பட்டை அதை நசுக்குவதால்தான் வலி என்று இப்போது பலரும் கருதுகிறோம். நசுங்கிய இடத்தில் உங்கள் உடம்பின் எடையையும் ஏற்றினால்? ராத்திரி தோறும் கால் மணி நேரம் உருட்டிய ஒரு தம்பி என்னிடம் வந்தார். முழங்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய் ஊதா நிறத்தில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டினாராம். நிறுத்தச் சொன்னேன். ஒரு வாரத்தில் படி இறங்கும் வலி குறைந்துவிட்டது. தயவுசெய்து அந்த எலும்பு மேட்டை விட்டுவிடுங்கள்.

அந்த நேரத்தை இடுப்புக்குக் கொடுங்கள். சுவரில் முதுகு ஒட்டும்படி ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நீட்டி, குதிகால் சுவரை உரசியபடியே மேலே தூக்குங்கள். பாதம் கூரையைப் பார்த்துத் திரும்பக் கூடாது. திரும்பினால் தொடையின் முன்பக்கம் வேலை செய்யும், புட்டத் தசை தூங்கும். 15 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். ஆறு முதல் எட்டு வாரம் பொறுமை வேண்டும்.

ஏற்காடு இறக்கத்தில் மெதுவாக ஓடினால்தான் அதிகம் வலிக்கிறது. வேகமாக ஓடினால் இல்லை. ஏன்?

நல்ல கவனிப்பு. மெதுவாக இறங்கும்போது, கால் தரையில் ஊன்றும் நேரத்தில் முழங்கால் அந்த 30 டிகிரிப் பக்கமே அதிகம் நிற்கிறது. வேகமாக ஓடும்போது இன்னும் மடங்கியிருக்கும். இப்போதைக்கு இறக்கம் வேண்டாம். சமதளத்தில் ஒவ்வொரு எட்டின் நீளத்தையும் 5 சதவீதம் போலக் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளைக் கூட்டிப் பாருங்கள்.

மூன்று வாரத்தில் ஃபுல் மாரத்தான். ஊசி போட்டுக்கொண்டு ஓடலாமா?

கூடாது. ஊசி வலியை மறைக்கும், 42 கிலோமீட்டரைக் குறைக்காது. அடுத்த வருஷம் ஓடுங்கள்.

திரும்ப எப்போது ஓடலாம்?

வலியில்லாமல் படி இறங்க முடிந்த பிறகு. ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு கிலோமீட்டரில் தொடங்குங்கள். குத்தல் வந்த இடத்திலேயே நின்று, நடந்து வீட்டுக்கு வாருங்கள். அப்புறம், நோட்டில் எழுதுங்கள்.