கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை: உங்கள் கேள்விகளுக்கு சிஸ்டரின் பதில்கள்

வேலூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

காட்பாடி: வயது 36. ஒரு தொந்தரவும் இல்லை. எனக்கு எதற்கு சிஸ்டர் இந்த டெஸ்ட்?

தொந்தரவு இல்லாதபோது செய்யத்தான்மா இந்த டெஸ்ட். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும். தங்கினாலும் அது புற்றுநோயாக மாற 10, 15 வருடம், சில சமயம் 20 வருடம்கூட ஆகும். அந்த இடைவெளியில் செல்கள் மாறுவதைக் கண்டுபிடித்தால், அந்த இடத்தை மட்டும் சூடு வைத்தோ உறைய வைத்தோ எடுத்துவிடலாம். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். மார்பகப் புற்றுநோய்க்கு எடுக்கிற மேமோகிராம் வந்த நோயைச் சீக்கிரம் காட்டும். இது நோயை வரவே விடாமல் தடுக்கும்.

ஆம்பூர்: ஷூ கம்பெனி வேலை. லீவு போட்டால் சம்பளம் போகும். எவ்வளவு நேரம் ஆகும்?

ஐந்து, பத்து நிமிடம். மாதவிலக்கு நாளில் வேண்டாம். முந்தின இரண்டு நாள் உறவும், உள்ளே வைக்கிற மாத்திரையும் வேண்டாம். 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

ராணிப்பேட்டை: என் மனைவிக்கு வினிகர் மாதிரி எதையோ தடவிப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். தனியாரில் பேப் ஸ்மியர் எடுக்கிறார்கள். ஏழைக்கு ஒன்று, காசுள்ளவருக்கு ஒன்றா?

தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் அதை மட்டமாக நினைக்காதீர்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இதே முறையில் ஒரே ஒரு தடவை பார்த்ததற்கே, இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. கர்ப்பப்பை வாயில் செல்களைச் சுரண்டி எடுத்து லேபில் பார்க்கிற பேப் ஸ்மியர் நல்ல டெஸ்ட்தான். ஆனால் ஸ்லைடு லேபுக்குப் போய் ரிசல்ட் வருவதற்குள் கிராமத்துப் பெண் நாற்று நடப் போயிருப்பாள், திரும்ப வரமாட்டாள். இதில் பஞ்சில் அசெட்டிக் ஆசிட் நனைத்து வைத்து ஒரு நிமிடம் காத்திருக்கிறோம். கோளாறு இருந்தால் இளஞ்சிவப்புத் தோலில் சுண்ணாம்பு தடவினதுபோல் ஒரு ஓரம் வெளுத்து எழும்பும். அப்போதே சொல்லிவிடலாம்.

மீண்டும் ராணிப்பேட்டை: இல்லாத நோயையும் அது காட்டுமாமே?

காட்டும். வெறும் புண், அழற்சிகூட வெளுத்துத் தெரியலாம். அதனால்தான் அடுத்து கால்போஸ்கோப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்ப்பது, தேவைப்பட்டால் துளி சதை எடுப்பது. அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிற எச்.பி.வி. டெஸ்ட் கிடைக்கிற இடத்தில் அதுதான் முதல் தேர்வு. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் ஒரு தடவை செய்ததற்கே இறப்பு பாதியாகக் குறைந்தது. அது கிடைக்கும்வரை சும்மா இருப்பதுதான் ஆபத்து.

குடியாத்தம்: எனக்கு 'பாசிட்டிவ்' என்றார்கள். பயந்துபோய்த் திரும்பப் போகவே இல்லை.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் இல்லை கண்ணு. இன்னும் பார்க்கணும் என்று அர்த்தம், அவ்வளவுதான். பீடி சுற்றுகிற ஒரு அம்மா முகாமில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடுத்த வாரம் கூடவே போனேன். சின்ன மாற்றம்தான், அன்றே சரிசெய்துவிட்டார்கள். திரும்பப் போகாவிட்டால் டெஸ்ட் செய்தும் பயனில்லை. இந்த வாரமே போங்கள்.

வாலாஜா: ஸ்கேன் எடுத்தால் போதாதா?

போதாது. செல் மாற்றம் ஸ்கேனில் தெரியாது.

பேரணாம்பட்டு: எச்.பி.வி. தடுப்பூசி போட்டாயிற்று. டெஸ்ட் வேண்டுமா?

வேண்டும். எல்லா வகை வைரஸையும் ஊசி தடுக்காது.

ஆற்காடு: எந்தத் தொந்தரவும் இல்லை, டெஸ்ட் அவசியமா?

காட்பாடிக்குச் சொன்ன பதில்தான். தயவுசெய்து படியுங்கள்.

அணைக்கட்டு: அம்மாவுக்கு 58. மாதவிலக்கு நின்று ஆறு வருடம். நேற்று லேசாக ரத்தம் பட்டது. அடுத்த முகாம் எப்போது?

முகாமுக்குக் காத்திருக்காதீர்கள். மாதவிலக்கு நின்றபிறகோ, உறவுக்குப் பிறகோ ரத்தம் பட்டால் நேரே டாக்டர்தான். அந்த வயதில் பார்க்க வேண்டிய இடம் உள்ளே போயிருக்கும், தடவிப் பார்க்கிற டெஸ்டில் சரியாகத் தெரியாது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அம்மா 'ஒன்றுமில்லை' என்பார், கேட்காதீர்கள்.