வண்டி மருத்துவம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1994ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டு லிட்டர் டர்போ கார் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர், நிமிடத்துக்கு 440 சிசி பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு 800 சிசி இன்ஜெக்டர்களைப் பொருத்தியிருக்கிறார். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டும் பந்தய வகை. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை நான்தான் புதிதாகப் போட்டேன். பழையது இருந்த இடத்திலிருந்து இரண்டடி பின்னால் இருக்கிறது. புகைச் சோதனையில் வண்டி இரண்டு முறை தோற்றுவிட்டது. ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 2.8 சதவீதம், ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) 520 பிபிஎம், கார்பன் டை ஆக்சைடு 12.4, ஆக்ஸிஜன் 0.5, லாம்டா 0.92. ஆனால் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் தேறிவிட்டது, லாம்டா 0.99. கேமை மாற்றச் சொல்கிறார் ஒரு நண்பர். பெட்ரோலில் ஆல்கஹால் கலந்துகொண்டு போகச் சொல்கிறார் மற்றொருவர். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். தோற்றுப்போன எண்ணை மட்டும் எழுதிக் கேட்பவர்களே அதிகம். நீங்கள் ஐந்து எண்களையும் எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அவற்றிலேயே இருக்கிறது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த அளவைத்தான் லாம்டா 1 என்கிறோம். 0.92 என்றால் காற்று எட்டு சதவீதம் குறைவு, அதாவது பெட்ரோல் மிகுதி. காற்று போதாமல் அரைகுறையாக எரிந்த பெட்ரோல்தான் கார்பன் மோனாக்சைடாக வெளியே வருகிறது.

இப்போது ஆக்ஸிஜனைப் பாருங்கள். பந்தய கேமில் உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் நீளம். ஐடிலிங்கில் கழிவு வாயு திரும்ப உள்ளே வந்து கலவையைக் கெடுக்கும். இடையிடையே தீப்பற்றாமல் போகும். அப்போது எரியாத பெட்ரோலும் பயன்படாத காற்றும் சேர்ந்தே வெளியேறும். உங்கள் கோளாறுக்குக் கேம்தான் முதல் காரணம் என்றால் ஹைட்ரோகார்பனோடு ஆக்ஸிஜனும் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். 0.5 என்பது அப்படிப்பட்ட எண் அல்ல. நண்பர் சொன்னதைக் கேட்டு இன்ஜினின் தலையைத் திறந்துவிடாதீர்கள்.

அதே 0.5 இன்னொன்றையும் சொல்கிறது. இவ்வளவு கார்பன் மோனாக்சைடு வரும்போது, நன்றாகச் சூடேறிய கன்வர்ட்டர் கிடைத்த ஆக்ஸிஜனை ஏறக்குறைய முழுவதும் எரித்துத் தீர்த்திருக்கும். மிச்சம் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் சூடாகவே இல்லை. கன்வர்ட்டர் வேலையைத் தொடங்கவே 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை வேண்டும். நீங்கள் இரண்டடி தள்ளி வைத்திருக்கிறீர்கள். சோதனைக்கு முன் வரிசையில் ஐடிலிங்கில் காத்திருந்தால் அது ஆறிவிடும். ஆனாலும் அதை மட்டும் சரிசெய்தால் தேறிவிடாது. அந்த 0.5 சதவீத ஆக்ஸிஜன் முழுவதும் பயன்பட்டாலும் ஒரு சதவீத கார்பன் மோனாக்சைடுதான் எரியும். 2.8 அப்போதும் 1.8 ஆகத்தான் நிற்கும். கோளாறு கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கிறது.

2,500 சுற்றில் கலவை சரி, ஐடிலிங்கில் மட்டும் கெடுகிறது. இப்படி இருந்தால் நான் முதலில் தொடுவது பெட்ரோல் அழுத்தச் சீராக்கிக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயை. ஐடிலிங்கில் இன்ஜினின் உறிஞ்சல் அந்தக் குழாய் வழியாகத்தான் பெட்ரோல் அழுத்தத்தைக் குறைக்கிறது. குழாய் கழன்றிருந்தாலோ வெடித்திருந்தாலோ அழுத்தம் இறங்காது. குழாயைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் சீராக்கியின் உள்சவ்வு கிழிந்திருக்கிறது. பெட்ரோல் அந்த வழியாகவே இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

இதை நான் வலியோடு கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரே வாடிக்கையாளரின் காருக்கு எட்டு மாதத்தில் இரண்டு கன்வர்ட்டர் மாற்றினேன். மிகுதியான பெட்ரோல் உள்ளே போய் எரிந்து இரண்டும் உருகிப்போயின. காரணம் கிழிந்த அந்தச் சவ்வு. இரண்டாவது கன்வர்ட்டரின் விலையை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கலவையைச் சரிபார்க்காமல் எந்த வண்டிக்கும் நான் கன்வர்ட்டர் மாற்றியதில்லை.

குழாய் நன்றாக இருந்தால் அடுத்தது இன்ஜெக்டர். இன்ஜினை நிறுத்திய பின் பெட்ரோல் அழுத்தம் விரைவாக இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் ஒழுக்கைத் தேடுங்கள். ஏதாவது ஓர் இன்ஜெக்டர் சொட்டிக்கொண்டிருக்கலாம். அதுவும் இல்லையென்றால், இன்ஜெக்டர்களை இயக்கும் வண்டியின் கணினியில் பதிந்த எண்கள்தான். 440 சிசி இரண்டு மில்லி விநாடியில் கொடுத்த பெட்ரோலை 800 சிசி ஏறக்குறைய 1.1 மில்லி விநாடியில் கொடுத்துவிடும். மின்சாரம் வந்ததும் இன்ஜெக்டர் உடனே திறப்பதில்லை. ஒரு சிறு தாமதம் உண்டு, பேட்டரி வோல்டேஜ் குறையும்போது அது கூடும். கணினியில் இந்தத் தாமதம் பழைய இன்ஜெக்டருக்கு உரியதாகவே இருந்தால், திறக்கும் நேரம் மிகக் குறைவான ஐடிலிங்கில்தான் பிழை பெரிதாகத் தெரியும். உங்கள் எண்கள் இதற்கும் பொருந்துகின்றன. பந்தய கேம் போட்டவர்கள் ஐடிலிங்கில், கழிவு வாயுவை அளந்து கலவையைச் சரிசெய்யும் ஆக்ஸிஜன் சென்சரின் திருத்தத்தை அணைத்து வைப்பதும் உண்டு. ட்யூனிங் செய்பவரிடம் இந்த இரண்டை மட்டும் குறிப்பிட்டுக் கேளுங்கள். "வண்டியைப் பாஸ் ஆக்கிக் கொடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள்.

ஆல்கஹாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பெட்ரோல் மிகுந்த கலவை சற்று பெட்ரோல் குறைந்த கலவைபோல் எரியும், எண் குறையலாம். மறுநாள் சாதாரண பெட்ரோல் போட்டதும் அதே நிலைதான். மிகுதியாகப் போகும் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், புதுக் கன்வர்ட்டரையும் உருக்கிவிடும். இத்தனை வயதான காரின் ரப்பர் குழாய்களும் ஆல்கஹாலைத் தாங்குமென்று நம்ப முடியாது.

எல்லாம் சரியானபின் சோதனைக்குப் போகும் நாளில் இருபது நிமிடம் நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு நேராகப் போங்கள். முடிந்தால் கன்வர்ட்டரை முன்னுக்கு நகர்த்தி வெல்டிங் செய்யுங்கள்.

கேள்வி: இன்ஜின் விளக்கு எரிந்தது. சோதனைக்கு முந்தைய இரவு பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், விளக்கு அணைந்துவிட்டது. இருந்தும் வண்டி தயாராக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?

பதில்: பிழைக் குறியீட்டோடு, கணினி தன்னைத்தானே சோதித்து வைத்திருந்த முடிவுகளும் அழிந்துவிட்டன. சோதனை நிலையத்தின் ஸ்கேனர் முதலில் அவற்றைத்தான் தேடும். இரவு முழுவதும் ஆறிய இன்ஜினை இயக்கி, சிறிது ஐடிலிங், பிறகு சீரான வேகத்தில் நெடுஞ்சாலை, பிரேக் தொடாமல் வேகம் குறைய விடுதல் என்று சில நாள் ஓட்டினால்தான் அவை மீண்டும் நிறையும். டேங்கை முழுதாக நிரப்பியோ அடிமட்டத்திலோ வைக்காதீர்கள்; பெட்ரோல் ஆவிக்கான சோதனை அப்போது நடக்காது. விளக்கை எரியவைத்த கோளாறு அப்படியே இருந்தால் இத்தனையும் வீண். குறியீட்டை எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: சோதனைக்கு முன் ஆயில் மாற்றினால் பயன் உண்டா?

பதில்: ஆயில் குச்சியை முகருங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் மாற்றுங்கள். அந்த ஆவி இன்ஜினுக்குள்ளேயே திரும்பிப் போய்க் கலவையைக் கெடுக்கும். இல்லையென்றால் தேவையில்லை.